ஈஸ்டர் தட்டில் முட்டை

ஐரோப்பாவில் ஈஸ்டர் விருந்தினருக்கு வைக்கும் சிற்றுண்டித் தட்டில் சாயமிட்ட அவித்த முட்டை தவறாது இடம்பெறும். இதற்குச் சமயம் மட்டுமன்று, சூரியனும் காரணம். குளிர்காலத்தில் பகல் குறுகுவதால் கோழி முட்டையிடுவது குறைந்துவிடும். இளவேனிலில் பகல் நீளும்போது, மண்டையோட்டை ஊடுருவிச் செல்லும் ஒளி மூளையைத் தூண்டுகிறது. முட்டையிடுதல் மீண்டும் பெருகுகிறது. பார்வையற்ற கோழிகளிலும் இவ்வாறே நிகழ்கிறது என்பது வியப்பன்றோ!

இடைக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்தது. கோழிக்கு ஏது நோன்பு? குவிந்த முட்டைகள் ஈஸ்டரன்று விருந்துக்கு வந்தன. 1290இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கு 18 பென்னி செலவு எழுதப்பட்டுள்ளது. எளிய வீடுகளில் வெங்காயத் தோலோடு வேகவைத்தே செந்நிறம் ஏற்றினர். இன்றைய பண்ணைகளிலோ மின்விளக்கால் பகலை நீட்டி, குளிர்காலத்திலும் முட்டை பெறுகின்றனர்.