காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதி

காஞ்சிபுரம், தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று, பொதுத் தொகுதி. காஞ்சிபுரம் மாநகரமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் இதில் அடங்கும். 2008 மறுவரையறைக்குப் பிறகு செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர் தொகுதிகளோடு சேர்ந்து காஞ்சிபுரம் (தனி) மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஏகாம்பரநாதரும் வரதராசரும் காமாட்சியும் ஊருக்குப் பெயர் தேடித் தந்தாலும், நெடுங்காலம் இங்கே வாக்குகளைத் திரட்டியது தறிதான்.

நெசவாளர் வாக்கு

பிள்ளையார்பாளையம், சின்னக் காஞ்சிபுரம், ஓரிக்கை, அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என ஊரும் சுற்றுப்புறமும் தறிக்குழிகளால் ஆனவை. செங்குந்தர், தேவாங்கர், பத்மசாலியர் முதலிய மரபான நெசவுச் சமூகத்தாருடன், பட்டுக்கு வரவேற்பு பெருகிய காலத்தில் வன்னியரும் பிறரும் தறிக்கு வந்தனர். ஆகவே நெசவாளர் வாக்கைச் சாதிக் கணக்கோடு மட்டும் பார்ப்பது போதாது. இந்த வீடுகளைச் சேர்த்துக் கட்டுவது கூலியும் கடனும்.

பட்டும் சரிகையும் முதலாளியிடமிருந்து வரும். நெய்து கொடுத்தால் கூலி கிடைக்கும். முதலில் வாங்கிய முன்பணம் அடையும்வரை நெசவாளர் வேறு முதலாளியிடம் போக முடியாது. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு, கரைக்கான நாடாவை வீச இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அந்தக் கை ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. 1990களில் காஞ்சிபுரத்தின் குழந்தைத் தொழில் நாடறிந்த விவகாரமானபோதுதான், பட்டின் விலைக்குள் அடங்கியிருந்த பள்ளிக்கூட நாட்கள் வெளியே தெரிந்தன. இந்த ஊரின் வரலாற்றில் எவரும் கடந்து போகக் கூடாத பகுதி அது.

முதலாளியின் பிடியைத் தளர்த்த வந்தவை கூட்டுறவுச் சங்கங்கள். காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா, முருகன் முதலிய பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினருக்கு நூல் தந்து சேலையை வாங்கிக்கொண்டன. சங்கத்தின் வழியே நெசவாளரின் அன்றாடம் அரசோடு நேரடியாகப் பிணைந்தது. தள்ளுபடி மானியம், கடன் தள்ளுபடி, இலவச மின்சாரம் ஆகியவை தேர்தல் அறிக்கையில் இடம்பெறுவதற்கு இதுவே அடிப்படை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது.

அண்ணாவின் ஊர்

தேர்தல் அரசியலுக்கு வெளியிலும் காஞ்சிக்கு இடமுண்டு. 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில்தான், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். 1938இல் இந்தி எதிர்ப்பு மாநாடும் இங்கே நடந்தது. நெசவாளர் குடும்பத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்த அண்ணா (சி. என். அண்ணாதுரை) 1942இல் ‘திராவிட நாடு’ இதழை இங்கிருந்தே நடத்தத் தொடங்கினார். 1953இல் கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர் பட்டினியில் தவித்தபோது அவர் தலைமையிலான தி.மு.க.வினர் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா திருச்சியில் விற்றார். வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி அரசும் மத்திய அரசிடம் வாதாடிய காலம் அது. நெசவாளரை விட்டுவிட்டு அன்று எந்தக் கட்சியும் தமிழ்நாட்டில் அரசியல் செய்ய முடியவில்லை.

1957இல் அண்ணா காஞ்சிபுரத்தில் வென்று சட்டமன்றம் சென்றார்; அந்த முதல் தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 15 இடங்கள். 1962இல் அந்த 15 பேரையும் வீழ்த்தக் காங்கிரஸ் குறிவைத்தது. கருணாநிதி தவிர மற்றவர்கள் தோற்றனர். காஞ்சிபுரத்தில் காங்கிரசின் எஸ். வி. நடேச முதலியார் அண்ணாவைத் தோற்கடித்தார். கட்சி 50 இடங்களைப் பிடித்த தேர்தலில் தலைவர் சொந்த ஊரில் தோற்றது தொண்டர்களை உலுக்கியது. சொந்த மண், சொந்தச் சமூகம் என்ற பற்று மட்டும் வாக்காக மாறிவிடாது என்பதைத் தொகுதி அன்றே காட்டியது என்று கொள்வதே பொருத்தம். அண்ணா மாநிலங்களவைக்குச் சென்றார். 1967இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் நின்று வென்று, பிறகு முதலமைச்சரானார். மீண்டும் காஞ்சிபுரத்தில் நிற்கவே இல்லை.

பிந்தைய தேர்தல்கள்

1967க்குப் பின் தொகுதி தி.மு.க.வின் சி. வி. எம். அண்ணாமலை கைக்கு வந்தது. எம்.ஜி.ஆர். காலத்தில் 1977, 1980, 1984 மூன்றிலும் அ.தி.மு.க. வென்றது. அதன்பின் 1989 முதல் 2011 வரை, மாநிலத்தில் ஆட்சி அமைத்த அணியே இங்கும் வென்றது, 2006இல் தி.மு.க. கூட்டணியில் பா.ம.க.வின் கமலாம்பாள் வென்றதும் இந்தக் கணக்கில்தான் வரும். 2016இல் இந்த வழக்கம் முறிந்தது: அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்த தேர்தலில் தி.மு.க.வின் எழிலரசன் வென்றார். அண்ணாமலையின் பேரனான அவர் 2021இலும் வென்றார். மக்களவையில் 2009இல் காங்கிரசும், 2014இல் அ.தி.மு.க.வும், 2019, 2024இல் தி.மு.க.வும் வென்றன.

மாறிவரும் வாக்காளர்

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆனாலும் விசைத்தறிச் சேலை ‘காஞ்சிபுரம்’ என்ற பெயரோடு விற்பனையாகிறது. பட்டு நூலும் சரிகையும் விலையேறும் வேகத்தில் கூலி ஏறவில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். அங்கும் வேலை உறுதியில்லை: 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2024 செப்டம்பர் முதல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். கட்சிகளின் மேடைப் பேச்சு இன்னும் தறியையே சுற்றிவருகிறது. மாதச் சம்பளம், ஒப்பந்த வேலை, பஸ் நேரம் பற்றிப் பேசும் இளம் வாக்காளரை அது போதிய அளவு எட்டவில்லை.

நிலமும் இப்போது வாக்குப் பிரச்சினையாகிவிட்டது. மாவட்டத்தின் பரந்தூரில் 2022இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது சென்னை விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து போராடிவருகின்றனர். 2024 மக்களவைத் தேர்தலை அந்தக் கிராமம் புறக்கணித்தது.