டங்க் தீவு

டங்க் தீவு ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், பவளக் கடலில் உள்ள மலைப்பாங்கான தீவு. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மிஷன் பீச் என்ற சிற்றூருக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஃபேமிலி தீவுக் கூட்டத்தில் இதுவே பெரியது. மழைக்காடு போர்த்திய மலை, அதைச் சுற்றி வெண்மணல் கரை, கரையை ஒட்டிப் பவளத்திட்டு என்று அமைந்த இத்தீவு, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சொகுசு விடுதித் தீவுகளுள் ஒன்றாக இருந்தது. 2011இல் வீசிய யாசி சூறாவளி விடுதியைச் சிதைத்தது. அதன்பின் தீவு பல உரிமையாளர்களின் கைக்கு மாறியது. இயற்கையை நம்பி எழும் தீவு விடுதிகளின் வளர்ச்சியையும் வீழ்ச்சியையும் ஆராய்வோர்க்கு டங்க் தீவின் வரலாறு முதன்மையான சான்று.

அமைவிடமும் நிலமும்

தீவின் பரப்பு சுமார் 970 ஹெக்டேர். இதில் ஏறக்குறைய 730 ஹெக்டேர் ஃபேமிலி தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. எஞ்சிய நிலத்தில்தான் விடுதி, விமான ஓடுபாதை, பழைய பண்ணை நிலம் ஆகியவை அமைந்தன. மிக உயர்ந்த இடம் 271 மீட்டர் உயரமுள்ள கூடாலூ மலை. வடமேற்கில் பெருநிலத்தை நோக்கி இருக்கும் பிராமோ விரிகுடாவில் விடுதி கட்டப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி வீசும் தென்கிழக்குக் காற்றை மலை தடுத்துவிடுவதால் அங்கே கடல் அமைதியாக இருக்கும். படகு கரை சேர்வதும் எளிது. அருகில் உள்ள பர்டபோய் என்ற சிறு தீவு கடற்பறவைகள் முட்டையிடும் இடம்.

கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இந்தத் தீவுகள் கரையோரச் சமவெளியில் எழுந்து நின்ற குன்றுகளாக இருந்தன. பனி உருகிக் கடல் ஏறியபோது சமவெளி மூழ்கியது. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாயின. தீவின் காடு எதிர்க்கரைக் காட்டின் தொடர்ச்சியாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆனால் எதிர்க்கரைக் காட்டின் அடையாளமான கேசவரிப் பறவை தீவில் இல்லை.

இக்கூட்டத்தில் டங்க் தீவைத் தந்தை என்றும் தெற்கே உள்ள பெடாரா தீவைத் தாய் என்றும் அழைப்பார்கள். இரட்டையர், மூவர் என்று பெயர் பெற்ற சிறு தீவுகளும் உண்டு. ஓவியர் நோயல் வுட் 1936இல் குடியேறிய பெடாராவிலும் பின்னாளில் சொகுசு விடுதி ஒன்று எழுந்தது.

தட்பவெப்பம்

ஆஸ்திரேலியாவிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் பகுதி இது. எதிர்க்கரையில் உள்ள டல்லி நகரின் சராசரி ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டருக்கு மேல். 1950ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 7,900 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. கடற்காற்று சுமந்துவரும் ஈரத்தைக் கரையோர மலைத்தொடர் தடுத்து மேலே எழுப்புவதால் இவ்வளவு மழை கிடைக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். சூறாவளிக் காலமும் அதுவே.

காடும் உயிரினங்களும்

தீவின் பள்ளங்களிலும் மலைச்சரிவுகளிலும் கொடிகள் பின்னிய மழைக்காடு அடர்ந்திருக்கிறது. காற்று நேராக மோதும் பக்கங்களில் மரங்கள் குட்டையாகி, யூகலிப்டசும் வேல மரங்களும் கலந்த திறந்த காடு காணப்படுகிறது.

யுலிசிஸ் வண்ணத்துப்பூச்சி இத்தீவின் சின்னமாகவே ஆகிவிட்டது. அழகி வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் சிறகு மேற்புறத்தில் மின்னும் நீலம், விளிம்பில் கருப்பு. அடிப்புறமோ காய்ந்த இலையின் பழுப்பு. பறக்கும்போது நீலம் தோன்றித் தோன்றி மறையும். கிளையில் அமர்ந்து சிறகை மடக்கிவிட்டால் பூச்சி இருக்கும் இடமே தெரியாது. துரத்தி வரும் பறவைக்கு இலக்கு தவறிப்போக இந்த அமைப்பே போதும்.

காட்டுத் தரையில் வாழும் ஆரஞ்சுக்கால் மேட்டுக்கோழி அடைகாப்பதில்லை. சருகையும் மண்ணையும் காலால் சீய்த்துக் குவித்து ஆள் உயரத்துக்குக்கூட மேடு எழுப்பும். அதற்குள் முட்டையைப் புதைக்கும். சருகு மட்கும்போது எழும் வெப்பத்தில் முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணைத் தோண்டி வெளியே வந்து, தாயின் துணையின்றி இரைதேடத் தொடங்கிவிடும்.

வெண்ணிற உடலும் கருஞ்சிறகு முனையும் கொண்ட பெரும்புறாக்கள் நியூகினியிலிருந்து ஆண்டுதோறும் இந்தக் கரைக்கு வருகின்றன. தீவுகளில் கூடு கட்டி, பகலில் பெருநிலக் காட்டுக்குப் பறந்துபோய்ப் பழம் தின்று மாலையில் திரும்புகின்றன. பழ விதைகளைத் தொலைவுக்குக் கொண்டு சேர்ப்பதால் காடு பரவுவதற்கு இவை பெருந்துணை. ஒருகாலத்தில் கூட்டம் கூட்டமாகச் சுடப்பட்டன. தெற்கே உள்ள புரூக் தீவுகளில் மார்கரெட், ஆர்தர் தார்ஸ்போர்ன் இணையர் 1965இல் தொடங்கிய புறாக் கணக்கெடுப்பு இவற்றின் பாதுகாப்புக்கு வழிகோலியது.

கடலும் பவளமும்

தீவைச் சுற்றியுள்ள கடல், 1981இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெரும் தடுப்புப் பவளத்திட்டுப் பகுதிக்கு உட்பட்டது. ஆனால் விளம்பரப் படங்களில் காணும் கண்ணாடி போன்ற நீர் கிழக்கே தொலைவில் உள்ள பீவர் போன்ற வெளித்திட்டுகளுக்கே உரியது. டங்க் தீவின் பவளம் கரையொட்டிப் பவளம். பக்கத்திலேயே டல்லி ஆறு கடலில் கலக்கிறது. வெள்ளக் காலத்தில் அது கொண்டுவரும் வண்டலும், கரும்பு, வாழைத் தோட்டங்களில் இட்ட உரத்தின் எச்சமும் இப்பகுதிக் கடலைக் கலங்கச் செய்கின்றன. வண்டல் படிந்தால் பவளத்துக்கு வெளிச்சம் குறைகிறது. உரச்சத்து மிகுந்தால் பாசி செழித்துப் பவளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த நெருக்கடியிலும் வாழும் பவளம் என்பதால் ஆய்வாளர்களுக்கு இது முக்கியமானது. ஆஸ்திரேலியக் கடலறிவியல் நிறுவனம் தீவின் வடபுறத்திலும் தென்புறத்திலும் பவளத்தின் நிலையைத் தொடர்ந்து அளந்து வருகிறது.

இப்பகுதியின் கடற்புல் வெளிகளில் ஆவுளியாவும் பேராமையும் மேய்கின்றன.

தொல்குடிகள்

பாஞ்சின், ஜிரு மக்கள் இத்தீவின் மரபுரிமையாளர்கள். அவர்கள் வழங்கிய பெயர் கூனாங்கில்பா. பருவத்துக்கேற்பப் பெருநிலத்துக்கும் தீவுகளுக்கும் படகில் சென்றுவந்து, மீனும் ஆமையும் காட்டுக் காய்கனிகளும் கொண்டு வாழ்ந்தனர். தீவின் பாறைக் குகைகளில் அவர்கள் தீட்டிய ஓவியங்கள் இருந்ததைப் பிற்காலக் குடியேறிகள் பதிவு செய்துள்ளனர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளையர் குடியேற்றம் கரையோரத்தைப் பற்றியபோது, வன்முறையாலும் நோயாலும் நில இழப்பாலும் இம்மக்கள் சிதறினர். 1914இல் எதிர்க்கரையில் ஹல் ஆற்றுத் தொல்குடிக் குடியிருப்பை அரசு நிறுவியது. மிஷன் பீச்சின் பெயர் அதிலிருந்து வந்ததே. 1918 மார்ச் 10ஆம் நாள் வீசிய கடும்புயல் அக்குடியிருப்பை அழித்தது. உயிர் பிழைத்தோர் சொந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டுப் பாம் தீவுக்கு அனுப்பப்பட்டனர். சொகுசுத் தீவு என்ற புகழுக்கு முன்னே இத்துயரம் நடந்திருப்பதை டங்க் தீவைப் பற்றிய எந்த வரலாறும் விட்டுவிடலாகாது.

ஐரோப்பியர் வருகை

ஜேம்ஸ் குக் 1770 ஜூன் மாதம் இவ்வழியே சென்றபோது, ஹாலிஃபாக்ஸ் பிரபுவான ஜார்ஜ் மான்டேகு டங்க் நினைவாகத் தீவுக்குப் பெயரிட்டார். 1848இல் ராட்டில்ஸ்நேக் என்ற ஆய்வுக் கப்பல் இங்கு நங்கூரமிட்டது. அதில் வந்த இயற்கையியலாளர் ஜான் மெக்கில்லிவ்ரே தீவின் உயிரினங்களை ஆராய்ந்து எழுதினார்.

பான்ஃபீல்டு காலம்

டங்க் தீவை உலகறியச் செய்தவர் எட்மண்ட் ஜேம்ஸ் பான்ஃபீல்டு. 1852இல் லிவர்பூலில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். டவுன்ஸ்வில் நகரில் இதழாளராகப் பணியாற்றினார். ஓயாத வேலையில் உடல்நலம் கெட்டு, 1897இல் மனைவி பெர்த்தாவுடன் தீவில் குடியேறினார். நெடுநாள் வாழமாட்டார் என்று கருதப்பட்டவர், தோட்டமிட்டும் மீன்பிடித்தும் எழுதியும் கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்.

1908இல் வெளியான 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ பீச்கோமர்' நூல் அவருக்குப் பல நாடுகளில் வாசகர்களைப் பெற்றுத் தந்தது. 1911இலும் 1918இலும் மேலும் இரு நூல்கள் வந்தன. நான்காவது நூல் அவர் இறந்தபின் 1925இல் வெளிவந்தது. பறவை, மீன், மரம், காற்று என எதையும் நாள்தோறும் உற்றுக் கவனித்து எழுதியதே அவருடைய வலிமை. தீவிலேயே பிறந்த டாம் முதலிய தொல்குடியினரின் அறிவு அவர் எழுத்துக்கு ஊற்றாக இருந்தது. தொல்குடியினரைப் பற்றி அவர் எழுதியவற்றில் அக்கால வெள்ளையரின் மேட்டிமை கலந்திருப்பதையும் இன்றைய வாசகர் காணலாம்.

தீவில் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து, அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்கப் பான்ஃபீல்டு பாடுபட்டார். 1923 ஜூன் 2ஆம் நாள் அவர் இறந்தபோது தீவில் பெர்த்தா மட்டுமே உடனிருந்தார். கடந்துசென்ற நீராவிக் கப்பல் ஒன்றின் கவனத்தை ஈர்த்த பின்னரே பெர்த்தாவுக்கு உதவி கிடைத்தது. இருவரின் நினைவிடமும் தீவில் உள்ளது.

விடுதியின் வளர்ச்சி

1930களின் நடுப்பகுதியில் தீவு விடுதி தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய வான்படை கூடாலூ உச்சியில் ரேடார் நிலையம் அமைத்தது. அதன் எச்சங்களை மலைப்பாதையில் செல்வோர் இன்றும் காண்கின்றனர். போருக்குப் பின், ஆஸ்திரேலியாவில் ஏவிஸ் வாடகைக் கார் நிறுவனத்தைத் தொடங்கிய எரிக் மக்கில்ரீ விடுதியை வாங்கி விரிவுபடுத்தினார். விமானப் போக்குவரத்து வந்ததும் தீவின் நிலையே மாறியது. படகுக்காகக் காத்திருந்த காலம் போய், பெருநகரத்திலிருந்து கிளம்பியவர் அன்றே கடலில் நீந்தலாம் என்றாயிற்று. பின்னர் விமான நிறுவனங்களும் பி அண்ட் ஓ, வாயேஜஸ் போன்ற சுற்றுலா நிறுவனங்களும் விடுதியை நடத்தின. உச்ச காலத்தில் சுமார் 160 அறைகள் இருந்தன.

விடுதிக்கு வெளியே கலைஞர் குடியிருப்பு ஒன்றும் 1970களில் உருவானது. அதை அமைத்தவர் புரூஸ் ஆர்தர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்காக மல்யுத்தம் ஆடியவர், பிறகு திரைச்சீலை ஓவியம் நெய்யும் கலைஞரானார். காட்டுவழியே நடந்து அவர் பட்டறைக்குச் செல்வது விடுதி விருந்தினரின் வழக்கமாக இருந்தது.

சூறாவளிகள்

2006 மார்ச் 20ஆம் நாள் இன்னிஸ்ஃபெயில் அருகே கரைகடந்த லாரி சூறாவளி தீவையும் சேதப்படுத்தியது. விடுதி சீரமைக்கப்பட்டு மீண்டும் இயங்கியது. 2011 பிப்ரவரி 3ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் யாசி சூறாவளி மிஷன் பீச் அருகே கரைகடந்தது. மிகக் கடுமையான ஐந்தாம் வகைப் புயல் அது. காற்றின் உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர் வரை இருந்ததாகக் கணிக்கப்பட்டது. முன்னெச்சரிக்கையாக விருந்தினர்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். புயலின் கண் இப்பகுதியைக் கடந்ததால் காற்று ஒரு திசையில் அடித்து ஓய்ந்து, மறுபடி எதிர்த்திசையிலிருந்து அடித்தது. தென்கிழக்குக் காற்றுக்குக் காப்பாக இருந்த விரிகுடா இதற்குக் காப்பாகவில்லை. கடற்கரையோரக் கட்டடங்கள் கூரையிழந்து, சுவர் பெயர்ந்து, மணலால் நிரம்பின.

காடும் ஒரே இரவில் இலையெல்லாம் இழந்தது. ஆனால் வெப்பமண்டலக் காடு புயலோடு பழகிய காடு. முறிந்த அடிமரங்களிலிருந்து சில வாரங்களிலேயே தளிர்கள் வெடித்தன. திறந்த வெளிச்சத்தில் விதைகள் முளைத்தன, கொடிகள் படர்ந்தன. பவளமும் நொறுங்கியது, அடுத்த ஆண்டுகளில் இளம் பவளங்கள் குடியேற மெல்ல மீண்டது. கட்டடங்கள் மட்டும் தாமாக மீளவில்லை.

கைமாறிய உரிமை

யாசிக்குப் பின் 2011இல் தொழிலதிபர் பீட்டர் பாண்ட் தீவை வாங்கினார். சொகுசு விடுதி திரும்பவில்லை. 2019இல் மேஃபேர் 101 என்ற முதலீட்டுக் குழுமம் 3.15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கி, மிஷன் பீச்சையும் சேர்த்து மாபெரும் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அடுத்த ஆண்டே அக்குழுமம் நெருக்கடியில் சிக்க, தீவு விற்றவர் கைக்குத் திரும்பியது. 2022இல் ஆனி கேனன்-புரூக்ஸ் தரப்பு சுமார் 2.4 கோடி டாலருக்கு வாங்கியது.

தீவில் விடுதி நடத்துவது செலவு மிகுந்த தொழில். மின்சாரத்தைத் தீவிலேயே உண்டாக்க வேண்டும். குடிநீரைத் தேக்க வேண்டும். கழிவுநீர் கடலில் கலக்காமல் சுத்திகரிக்க வேண்டும். உணவும் கட்டுமானப் பொருளும் படகில் வர வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும். சூறாவளிப் பகுதி என்பதால் காப்பீட்டுச் செலவும் மிகுதி.

முக்கியத்துவம்

மிஷன் பீச்சின் வாழ்வோடு டங்க் தீவு பின்னிப்பிணைந்தது. படகோட்டிகள், விடுதிப் பணியாளர்கள், கடைக்காரர்கள் எனப் பலர் தீவை நம்பி வாழ்ந்தனர்; விடுதி மூடியது ஊர் முழுவதையும் தாக்கியது. இருந்தும் மக்கள் வருகை நிற்கவில்லை. பகல்நேரப் பயணிகள் படகில் வந்து தேசியப் பூங்காவின் பாதைகளில் நடக்கின்றனர்; கூடாலூ உச்சியிலிருந்து மற்றத் தீவுகளைக் காண்கின்றனர். அறை வசதி இல்லாத நாளிலும் அவர்களை இழுத்து வந்தவை காடும் கடலும்தான்.

அந்த இரண்டுக்கும் இன்றைய அச்சுறுத்தல் பழைய புயல்களைவிடப் பெரிது. கடல் வெப்பமேறியதால் பெரும் தடுப்புப் பவளத்திட்டு 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பரவலாக வெளுத்தது. ஒரு பாதிப்பிலிருந்து மீளப் பவளத்துக்குப் பல ஆண்டுகள் வேண்டும். இடைவெளியோ சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆறு கொண்டுவரும் மாசைக் குறைப்பதும், புவி வெப்பமாதலைத் தடுப்பதும், தேசியப் பூங்காவின் எல்லையை மதிப்பதும் தீவின் எதிர்காலத்தை முடிவுசெய்யும். புதிய விடுதி எழுந்தாலும் அதன் முதலீட்டில் பெரும்பங்கு உரிமையாளர் போடும் பணமன்று. அவர் வாங்கவோ கட்டவோ முடியாத மழைக்காடும் பவளமுமே.