வட்டாரக் காலநிலை மாதிரிகளில் தாவரம்: மதிப்பீட்டின் வரலாறு

காற்று, கடல், நிலம் ஆகியவற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் கணக்கிடுவது காலநிலை மாதிரி ஆகும். உலகின் ஒரு பகுதியை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிடும் மாதிரி வட்டாரக் காலநிலை மாதிரி எனப்படும். மழைக்கேற்பத் தாவரம் வளர்வதும் வாடுவதும், அதனால் மழை மாறுவதும் சேர்த்துக் கணக்கிடப்பட்டால் அது தாவர இடைவினை கொண்ட மாதிரியாகும். மாதிரியின் மழை சரியா என்பதோடு, அது சரியான காரணத்தால் பெய்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும் என்பதே இதன் மதிப்பீட்டு வரலாறு கற்பித்த பாடம்.

தொடக்கம்

சியூகூரோ மனாபே 1969இல் வெளியிட்ட மாதிரியில் மண் ஒரு வாளியைப் போன்றது. மழை அதை நிரப்பும். வெயில் வற்றச் செய்யும். அதில் தாவரத்துக்கு இடமில்லை. 1975இல் ஜூல் சார்னி, ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் புல்வெளி அழிந்தால் வெளிறிய மண் அதிக வெயிலைத் திருப்பி அனுப்பும் என்றும், அதனால் காற்று கீழிறங்கி மழை குறையும் என்றும் விளக்கினார். 1980களில் இலைகளின் நீராவிப்போக்கு மாதிரிகளில் சேர்க்கப்பட்டது. 1989இல் பிலிப்போ ஜியார்ஜி முதலியோர் அமெரிக்காவில் வட்டார மாதிரியை உருவாக்கினர். ஆனால் அக்கால மாதிரிகளில் தாவரத்தின் வகையும் பரவலும் முன்கூட்டியே தரப்பட்டன. தாவரம் தானே மாறும் கணக்கீடுகள் 1990களில் வளர்ந்தன.

மதிப்பீட்டுச் சிக்கல்

தாவரத்தை மாற்றாமல் வைத்தால், மாதிரியின் மழையை அளந்த மழையோடு ஒப்பிடலாம். தாவரமும் மாறும்போது பிழை சுற்றி வருகிறது. மாதிரி மழையைக் குறைத்துக் கணித்தால் காடு வாடும்; நீராவிப்போக்கு குறையும்; மழை மேலும் குறையும். எனவே, செயற்கைக்கோள் கண்ட தாவரத்தைக் கொடுத்து ஒருமுறையும், தாவரத்தைத் தானே வளரவிட்டு மறுமுறையும் இயக்கி, இரண்டின் வேறுபாட்டையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் ஒப்பீட்டுக்கு வலுவான தரவுகள் உள்ளன. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான மழையைக் கால் பாகைக் கட்டங்களாகத் தொகுத்துள்ளது. செயற்கைக்கோள் வழித் தாவரப் பதிவு 1981 முதல் கிடைக்கிறது.

தமிழகச் சான்று

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தமிழகத்தின் தென்மேற்குப் பருவமழைக்கான ஈரத்தில் ஏறத்தாழ கால் பங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து வருகிறது என்றும், மழை குறைந்த ஆண்டுகளில் அது பாதி வரை உயரும் என்றும் அது காட்டியது. மாதிரியில் காட்டை அகற்றியபோது அப்பருவத்தின் மழை சுமார் கால் பங்கு குறைந்தது. இங்குத் தாவரம் தானே மாறவில்லை. ஆய்வாளர்களே அதை மாற்றினர்.

பழவேற்காட்டுப் பகுதி

இம்முடிவை அப்படியே பழவேற்காட்டுக்குப் பொருத்த முடியாது. இக்கரையின் பெரும்பகுதி மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக்கடலிலிருந்து வருகிறது. அம்மழையும் ஆரணியாற்று வெள்ளமும் ஏரியின் உப்பைக் குறைக்கின்றன; முகத்துவாரம் திறந்திருக்கவும் உதவுகின்றன. இறாலும் மீனும் அவ்வழியே வருகின்றன. ஒரு மாதிரி தென்மேற்குப் பருவத்தில் கூடுதலாகவும் வடகிழக்கில் குறைவாகவும் மழை தந்தால், ஆண்டுச் சராசரி சரியாகத் தெரியும். மீனவருக்கோ அந்தக் கணிப்பு பயன்படாது.

அளவும் ஒரு தடை. தெற்காசியாவுக்கான பல வட்டாரக் கணிப்புகளின் கட்டம் சுமார் 50 கி.மீ. ஏரியின் அகலம் 20 கி.மீ.-க்கும் குறைவு. ஆகவே ஏரியும் வயலும் கடலும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடலாம்.

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையிலுள்ள அனுப்பம்பட்டுப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கு வயல்கள் மழையால் மட்டுமன்றி ஆழ்குழாய்க் கிணற்று நீராலும் பசுமையாகின்றன. மிகுதியாக நீர் இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடியில் கடல்நீர் புகுந்துள்ளது. செயற்கைக்கோள் பசுமையை மட்டுமே காணும், கிணற்றைக் காணாது. பாசனம் சேர்க்கப்படாத மாதிரி அந்தப் பசுமையோடு ஒத்துப்போனால், மழையை மிகைப்படுத்தியே ஒத்துப்போயிருக்கலாம். ஆகவே இப்பகுதிக்கான மதிப்பீட்டில் பருவவாரியான மழை, தாவரம், பாசனம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிப்பது இன்றியமையாதது.