கோவில் சுவரும் ஒரு பானை ஓடும்

கார்ல்ஸ்ரூஹேயில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிரமிட் ஒன்றும் புதினமில்லை. எங்கள் நகரத்தின் மார்க்ட்பிளாட்ஸ் சதுக்கத்தின் நடுவில் ஒன்று நிற்கிறது. 1715இல் இந்த நகரத்தை நிறுவிய கார்ல் வில்ஹெல்மின் கல்லறை அது. உயரம் ஏழு மீட்டர்கூட இல்லை. 1823க்கும் 1825க்கும் இடையில் வைன்பிரென்னர் என்ற கட்டடக் கலைஞர் அதைச் செந்நிற மணற்கல்லில் கட்டினார். நான் சின்னவனாக இருந்தபோது ட்ராம் அதற்குப் பக்கத்தால் போகும். இப்போது நிலத்துக்குக் கீழே சுரங்கத்தில் போகிறது.

அதனால், ஈஸ்டர் விடுமுறைக்கு எகிப்துக்குப் போவோம் என்று நான் சொன்னபோது, அக்காவின் 15 வயது மகன் சிரித்தான். "மாமா, பிரமிட் எங்கட ஊரிலயே இருக்குத்தானே?" என்றான். "அப்ப பிரமிட் வேண்டாம், கோவிலுக்குப் போவம்" என்றேன். அப்படித்தான் நாங்கள் இருவரும் அஸ்வானுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அஸ்வானுக்குத் தெற்கே, நைல் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவில் இருக்கிறது பிலே கோவில். இசிஸ் என்ற பெண் தெய்வத்தின் கோவில். கரையில் இருந்து மோட்டார்ப் படகில் போக வேண்டும். படகு வளைந்து திரும்பும்போது தூண்களும் கோபுர வாசலும் தண்ணீருக்கு மேலே எழும்பி வரும். மருமகன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம்.

அந்தக் கோவில் முதலில் இருந்த இடம் அது அல்ல. 1902இல் கட்டி முடிக்கப்பட்ட பழைய அஸ்வான் அணையால் பிலே தீவு வருடத்தில் பல மாதங்கள் தண்ணீருக்குள் இருந்தது. பிறகு 1960இல் பெரிய அணையின் வேலை தொடங்கியது. இனிக் கோவிலைக் காப்பாற்ற முடியாது என்ற நிலையில், அதே வருடம் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. 1970களில் கோவிலைச் சுற்றித் தற்காலிக அணை கட்டி, தண்ணீரை இறைத்து, சுமார் 40,000 கற்களாகப் பிரித்து, பக்கத்தில் இருந்த அகில்கியா என்ற உயரமான தீவில் மறுபடியும் அடுக்கினார்கள். 1980இல் அது திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஜேர்மனியும் உதவியது. கலாப்ஷா என்ற இன்னொரு கோவிலை 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜேர்மனியின் பொறியாளர்கள் இடம் மாற்றினார்கள். அதற்கு நன்றியாக எகிப்து கொடுத்த கல் வாசல் ஒன்று பெர்லினில் இருக்கிறது.

பொறியியல் படித்தவன் என்பதால் இந்தக் கதையையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் பிலேயில் என்னை நிறுத்தி வைத்தது இது அல்ல, வேறு ஒரு சின்ன விஷயம்.

கோவிலின் மேற்குப் பக்கத்தில் ஹேட்ரியன் வாசல் என்று ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. பெரும்பாலான பயணிகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதன் சுவரில், மண்டுலிஸ் என்ற தெய்வத்தின் உருவத்துக்குப் பக்கத்தில் சில வரிகள் கீறப்பட்டிருக்கின்றன. பெரிய அரசனின் வெற்றிச் செய்தி போல அழகாகவும் ஆழமாகவும் வெட்டியது அல்ல. எழுதியவர் இசிஸ் கோவிலின் பூசாரி ஒருவர், பெயர் எஸ்மெட்-அகோம். தன் பெயரையும் தந்தையின் பெயரையும் எழுதி, இது என்றென்றைக்கும் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். தேதி கி.பி. 394 ஆகஸ்ட் 24.

இன்றைக்கு நமக்குத் தெரிந்தவற்றில் தேதி குறித்த கடைசி ஹைரோகிளிஃப் எழுத்து அதுதான். 3,000 வருடங்களுக்கு மேலாக எழுதப்பட்ட ஓர் எழுத்து முறை அந்தச் சுவரோடு நின்றுவிட்டது.

மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு கேட்டான்: "மாமா, தான்தான் கடைசி ஆள் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நாளைக்கு மகனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், அடுத்த திருவிழாவுக்கு இன்னொரு வரி எழுதலாம் என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

ஏன் அப்படி ஆனது? ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழைய தெய்வங்களின் வழிபாட்டைத் தடை செய்தான், கோவில்கள் மூடப்பட்டன என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அது உண்மைதான். எல்லைக்கு அப்பால் வாழ்ந்த மக்களும் வந்து கும்பிட்டதால் பிலே மட்டும் அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தது. 6ஆம் நூற்றாண்டில் அதுவும் மூடப்பட்டு, உள்ளே ஒரு பகுதி தேவாலயமானது. சுவர்களில் வெட்டிய சிலுவைகளை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் நோய் அதற்குப் பல நூறு வருடங்களுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. எகிப்தைக் கிரேக்க மரபினரான தாலமி மன்னர்கள் ஆண்ட காலத்தில் இருந்தே அரசாங்க வேலை, வரி, வழக்கு எல்லாம் மெல்ல மெல்லக் கிரேக்க மொழிக்குப் போயின. முன்னேற வேண்டும் என்று நினைத்தவர்கள் கிரேக்கம் படித்தார்கள். ஹைரோகிளிஃப் கோவிலுக்கு உள்ளே மட்டும் எழுதும் எழுத்தானது. புனிதமானது, அழகானது, ஆனால் சிலருக்கு மட்டுமே தெரிந்தது. கோவிலின் கதவு மூடியபோது எழுத்துக்கும் கதவு மூடியது. வெளியே அதை எழுத யாரும் இருக்கவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எகிப்திய மொழி அதே நாளில் செத்துவிடவில்லை. மக்கள் அதைப் பேசினார்கள், கிரேக்க எழுத்தில் எழுதவும் தொடங்கினார்கள். கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு மட்டும் பழைய எழுத்தில் இருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் கொப்டிக். பின்னர் அரபு மொழி வந்தது. நூற்றாண்டுகள் போகப்போக வீட்டிலும் கடையிலும் அரபுதான் என்றாகி, கொப்டிக் தேவாலய வழிபாட்டில் மட்டும் மிஞ்சியது.

இதைச் சொன்னதும் மருமகன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். "நாங்கள் வாட்ஸ்அப்பில செய்யிறது போலவா?" என்றான்.

ஆம், அது போலத்தான். அவனும் அவன் நண்பர்களும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். பழம், பலம், பள்ளம் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், ஆனாலும் அவர்களுக்கு விளங்கிவிடும். நான் அவனைக் குறை சொல்லவில்லை. கடன் வாங்கிய எழுத்துக்கும் நன்மை உண்டு. ஹைரோகிளிஃபில் உயிரொலிகளை எழுத மாட்டார்கள், கொப்டிக்கில் எழுதினார்கள். 1822இல் ஷம்போல்லியோன் ஹைரோகிளிஃபை வாசித்துக் காட்டியதற்கு, அவருக்குக் கொப்டிக் நன்றாகத் தெரிந்திருந்தது ஒரு முக்கியக் காரணம். ஒன்றும் எழுதாமல் விடுவதை விட எந்த எழுத்திலாவது எழுதுவது மேல்.

இவ்வளவும் பிலேயில். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையில் முக்கியமான இடம் ஒரு கோவிலே அல்ல, ஒரு மணல் மேடு.

கடைசி நாட்களைச் செங்கடல் கரையில் கழித்தோம். அங்கே குசைர் என்ற ஊருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே குசைர் அல்-காதிம் என்ற இடம் இருக்கிறது. கடலோரம் தாழ்ந்த மேடுகள், காற்று, அவ்வளவுதான். 2,000 வருடங்களுக்கு முன் அது மியோஸ் ஹோர்மோஸ் என்ற துறைமுகம். இங்கிருந்தும், இன்னும் தெற்கே உள்ள பெரெனிகே துறைமுகத்தில் இருந்தும் கப்பல்கள் கோடையில் புறப்படும். பருவக்காற்றில் முசிறி போன்ற துறைமுகங்களுக்குப் போய், மிளகும் முத்தும் துணியும் ஏற்றி, குளிர்காலக் காற்றில் திரும்பி வரும். சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி நைலுக்குப் போகும், அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்கு.

பெரெனிகேயில் செராபிஸ் என்ற தெய்வத்தின் கோவில் முற்றத்தில், தரைக்குள் புதைத்திருந்த ஓர் இந்தியச் சாடியை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். உள்ளே சுமார் 7.5 கிலோ கறுப்பு மிளகு! அதே ஊரில் இசிஸ் கோவிலில் 2022இல் ஒரு புத்தர் சிலையும் கிடைத்தது. நாங்கள் பிலேயில் பார்த்த அதே இசிஸ்.

குசைர் அல்-காதிமில் கிடைத்தது அதைவிட எளிமையானது. உடைந்த ஒரு பானை ஓடு. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில், அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவத்தில், கீறியிருப்பதை ஐராவதம் மகாதேவன் வாசித்தார்: "பானை ஒறி". உறியில் தொங்கவிடும் பானை. அதே இடத்தில் முன்பு கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் இருந்தன. பெரெனிகேயில் கிடைத்த ஓர் ஓட்டில் கொற்றபூமான்.

அரசன் இல்லை, போர் இல்லை, தெய்வம்கூட இல்லை. ஆட்களின் பெயர்களும் ஒரு பானையும்!

'பானை' எனக்குத் தெரியும், பொங்கலுக்கு எடுப்போம். 'உறி' தெரியவில்லை. அந்த மணல் மேட்டில் நின்றபடியே அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். "உறி எண்டால் என்னம்மா?"

"ஏன் திடீரெண்டு? அது கயித்தில பின்னி, குசினிக் கூரையில தொங்க விடுறது. பூனை, எறும்பு போகாமல் தயிர்ச் சட்டி, மோர் எல்லாம் அதிலதான் அப்பம்மா வைப்பா. இப்ப ஆர் வைக்கினம், எல்லாருக்கும் ஃபிரிட்ஜ் இருக்கு."

2,000 வருடங்களுக்கு முன் செங்கடல் கரையில் ஒருவர் எழுதிய சொல் என் அப்பம்மாவின் குசினிவரை வந்திருக்கிறது. கார்ல்ஸ்ரூஹேயில் அது என்னோடு நின்றிருக்கும். நானும் அதை அறிந்திருக்க மாட்டேன்.

இதை வைத்து "நாங்கள் அந்தக் காலத்திலேயே உலகம் சுற்றினோம்" என்று பெருமை பேசுவது சுலபம். பேசுங்கள், தவறில்லை. ஆனால் இதையும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பழைய வடிவ எழுத்தை நாங்களும் மறந்துதான் போனோம். தமிழ்நாட்டுக் குகைகளில் இருந்த அந்த எழுத்துகள் தமிழ்தான் என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்தின் உருவம் மாறிக்கொண்டே வந்தது. ஆனாலும் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவது நிற்கவில்லை. பானையில் பெயர் எழுதியவர்கள், கணக்கு எழுதியவர்கள், கடிதம் எழுதியவர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருந்தார்கள். பிலேயில் இல்லாமல் போனது அவர்கள்தான்.

நான் தகவல் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறேன். எழுத்துகளைக் கணினியில் சேமித்துவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று நானும் நினைத்தவன்தான். யூனிகோடில் தமிழ் 1991இல் இருந்தே இருக்கிறது. 2009இல் எகிப்திய ஹைரோகிளிஃபுக்கும் 1,071 இடங்கள் கொடுத்தார்கள். உங்கள் கைபேசியில் இரண்டுமே வரும். ஒன்றில் மட்டும்தான் இன்றைக்கும் யாரோ ஒருவர் "வரும்போது பால் வாங்கி வா" என்று எழுதுகிறார்.

எங்களில் பலருக்குத் தமிழ் எழுத்து சனிக்கிழமைப் பள்ளி, சோதனை, கோவில் பதாகை, கலை விழா மேடை என்று ஆகிவிட்டது. மரியாதையான இடங்கள்தான். ஆனால் மரியாதையான இடத்தில் மட்டும் வாழும் எழுத்துக்கு என்ன நடக்கும் என்பதை நான் ஹேட்ரியன் வாசலில் பார்த்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் குசினி அலுமாரியைத் திறந்தேன். போத்தல்களில் நானே ஒட்டிய பெயர்கள் எல்லாம் ஜேர்மனில். அம்மா வீட்டில் எல்லாம் தமிழில் இருக்கும்: மல்லி, வெந்தயம், பெருஞ்சீரகம். மிளகுப் போத்தலில் இருந்த 'ஃபெஃபர்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதுவும் இந்தியாவில் புறப்பட்டு, கிரேக்கம், லத்தீன் வழியாக வந்த சொல்தான். கப்பலில் மிளகோடு வந்திருக்கும். அதை உரித்துவிடவில்லை. பக்கத்தில் 'மிளகு' என்று எழுதி ஒட்டினேன்.

படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அடுத்த வாரம் அதே குழுவில் மருமகன் தன் அம்மாவுக்கு முதன்முதலாகத் தமிழ் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பினான்: "மிலகு முடிஞ்சுது".

அக்கா திருத்தப் போனாள். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பானைக்காரரும் 'உறி' என்று எழுதவில்லை, 'ஒறி' என்றுதான் எழுதினார். வாசிக்க முடிந்ததுதானே.