முன்வரிசைக் கதிரை யாருக்கு?

பள்ளிக்கூட மண்டபம் எண்டதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வாறது முன்வரிசைதான். அது பிரதம விருந்தினருக்கும் பெரியாக்களுக்கும் உரியது. சின்னப் பிள்ளையள் பின்னுக்கு நிண்டு எட்டிப் பார்க்க வேணும்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிய ஒரு மண்டபம் இருக்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் வின்னெற்கா என்ற ஊரில், 1940இல் திறக்கப்பட்ட 'குறோ ஐலன்ட்' என்ற அரச ஆரம்பப் பாடசாலையில். அங்கே முன்வரிசைக் கதிரைகள் பாலர் வகுப்புப் பிள்ளைகளின் அளவில் செய்யப்பட்டவை. பின்னுக்குப் போகப் போகக் கதிரை பெரிசாகும். வளர்ந்தவர்களின் அளவுக் கதிரைகள் கடைசியில்தான்.

சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் கால் நிலத்தில் முட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் நாடகம் பார்க்கும்?

இது தற்செயலாக வந்ததில்லை. அந்த ஊரின் கல்விப் பொறுப்பாளர் கார்ல்ற்றன் வாஷ்பேர்ன், பிள்ளையை மையமாக வைத்த கல்வியில் நம்பிக்கை உள்ளவர். எலியல் சாரினன், அவரது மகன் ஈரோ ஆகியோருடன் சேர்ந்து வேலைசெய்த இளம் கட்டடக் கலைஞர் லோறன்ஸ் பேர்க்கின்ஸ், படம் கீற முதல் வகுப்பறைகளில் இருந்து பிள்ளைகளைக் கவனித்தார். ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. மின்விளக்கு ஆளிகளைக்கூடப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார்கள்.

1990இல் அந்தப் பாடசாலை அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இண்டைக்கும் அது பாடசாலைதான்.

மண்டபம் கட்டக் காசு வந்தால் எத்தனை பேர் கொள்ளும், மேடை எவ்வளவு பெரிசு எண்டுதான் நாங்கள் முதலில் கேட்கிறம். ஆகச் சின்னப் பிள்ளை எங்கை இருக்கும் எண்டதையும் அப்பவே கேட்க வேணும். கட்டி முடிஞ்ச பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.