தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரண்மனை: குற்றாலத்தில் ராஜா தோட்டத்தில் சாதாரண ஜனங்கள் தங்குவது எப்படி?

தென்காசி:-

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்து விட்டால் போதும், லாட்ஜ் வாடகை கிடுகிடுவென ஏறிவிடும். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் இலஞ்சி, மேலகரம், தென்காசி, செங்கோட்டை என்று அறை தேடி அலைவதை ஆனி, ஆடி மாதங்களில் பார்க்கலாம். வேனிலேயே படுத்து எழுந்து, அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் உண்டு.

இதே குற்றாலத்தில் 50 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், மரங்கள் அடர்ந்த ஒரு அரண்மனை வளாகம் இருக்கிறது. ஊர் தமிழ்நாடு. ஆனால் அரண்மனைக்கு சொந்தக்காரர் கேரள அரசு. அட, இது என்ன கூத்து என்கிறீர்களா? விவரம் இதோ:-

ராஜா வந்த கதை

திருவிதாங்கூர் மன்னர்கள் சாரல் காலத்தில் வந்து தங்கி, அருவியில் குளித்துப் போவதற்காக வைத்திருந்த இடம்தான் குற்றாலம் அரண்மனை. பக்கத்தில் இருக்கும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆனால் குற்றாலமும் தென்காசியும் வெள்ளைக்காரர் ஆட்சியில், திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அதாவது, ராஜா காலத்திலேயே இது "பக்கத்து நாட்டில்" இருந்த அரண்மனைதான்.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தன. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது கன்னியாகுமரி பகுதியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தன. எல்லைக்கோடு மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. ஆனால் அரண்மனையின் உரிமை மட்டும் கேரளத்திடமே நின்றது. கேரள பொதுப்பணித்துறைதான் அதை பராமரித்து வருகிறது.

2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. மாவட்டம் மாறினாலும் அரண்மனை சாவி திருவனந்தபுரம் பக்கம்தான்!

பார்க்கலாம், தங்க முடியாது!

இதே மாதிரி இன்னொரு அரண்மனையும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை. அதுவும் தமிழ்நாட்டு மண்ணில்தான் இருக்கிறது. நிர்வாகம் கேரள தொல்லியல் துறை. அங்கே டிக்கெட் எடுத்து சுற்றிப் பார்க்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. ராத்திரி தங்க முடியாது.

தேக்கடி ஏரிக்கரையில் திருவிதாங்கூர் மன்னர் தங்கிய கோடைகால மாளிகை இருக்கிறது. கேரள சுற்றுலா வளர்ச்சிக்கழகம் அதை ஓட்டலாக நடத்துகிறது. கொச்சியில் 1744-ல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி மாளிகையும் அப்படித்தான். ஊட்டியில் மைசூர் மகாராஜாவின் பெர்ன்ஹில்ஸ் அரண்மனையும் ஓட்டலாக மாறியது. அங்கெல்லாம் தங்கலாம். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு மாத சம்பளத்தை எடுத்து வைக்க வேண்டும்.

பத்மநாபபுரத்தில் பார்க்கலாம், படுக்க முடியாது. தேக்கடியில் படுக்கலாம், பணம் கட்ட முடியாது. குற்றாலம் அரண்மனை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதுதான் இதன் விசேஷம்.

உள்ளே என்ன எதிர்பார்க்கலாம்?

வளாகத்துக்குள் தனித்தனி கட்டிடங்கள் இருக்கின்றன. தங்குவதற்கான அறைகள் இவற்றில்தான். அரண்மனை என்றதும் பட்டு மெத்தை, வெள்ளித்தட்டு என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். இது அரசு விருந்தினர் மாளிகை மாதிரியான சாதாரண தங்குமிடம். மணி அடித்தால் ஆள் ஓடி வரும் ஓட்டல் அல்ல. அதற்கு பதிலாக கிடைப்பது இடம், மரநிழல், அமைதி. கடைவீதி இரைச்சல் இல்லாமல் பிள்ளைகள் ஓடி விளையாடலாம்.

அறைக்கு கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை:-

* அறை உறுதி ஆனபிறகே ஊரில் இருந்து கிளம்ப வேண்டும். நேராக கேட்டில் போய் நின்று அறை கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பழுது பார்க்கும் வேலை நடந்தால் அறை கிடைக்காது.

* அரசு விடுதி என்றால் அதிகாரிகளுக்கு முன்னுரிமை இருக்கும். சீசன் சனி, ஞாயிறை விட்டுவிட்டு வாரநாளில் கேட்டால் வாய்ப்பு அதிகம்.

* கேரள பொதுப்பணித்துறை 2021 நவம்பர் 1 முதல் தனது ஓய்வு விடுதிகளை பொதுமக்களும் இணையத்தில் முன்பதிவு செய்ய வழி செய்தது. அதற்கு முன்பு அதிகாரியை தெரிந்தவருக்குத்தான் அறை என்ற நிலை பல இடங்களில் இருந்தது.

* புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

* வாடகையை கட்டியதும் ரசீதை கேட்டு வாங்குங்கள். "உள்ளே ஆள் இருக்கு, அறை வாங்கித் தாரேன்" என்று ரோட்டில் சொல்லும் புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

* குரங்குத் தொல்லை குற்றாலம் முழுக்க உண்டு. ஜன்னலை திறந்து போட்டுவிட்டு பழம், பிஸ்கட்டை மேஜையில் வைத்தால் அது உங்களுக்கு இல்லை.

* சாப்பாட்டுக்கு குற்றாலம் கடைவீதி இருக்கிறது. கொஞ்சம் தூரம் போனால் பிரானூர் பார்டர் பரோட்டா!

வருவது எப்படி?

தென்காசியில் இருந்து குற்றாலம் சுமார் 5 கிலோ மீட்டர். அடிக்கடி பஸ் உண்டு. ரெயிலில் வருகிறவர்கள் தென்காசி அல்லது செங்கோட்டையில் இறங்கலாம். 1904-ல் ஓடத்தொடங்கிய செங்கோட்டை - கொல்லம் மலைப்பாதை அகலப்பாதையாக மாறி 2018-ல் மறுபடியும் முழுமையாக திறக்கப்பட்டதால் கேரளத்தில் இருந்தும் நேராக வரலாம். செங்கோட்டை பக்கம் இருந்து வருகிறவர்கள் இலஞ்சியில் இறங்கி, சிற்றாற்றங்கரையில் உள்ள இலஞ்சிக் குமாரர் கோவிலில் கும்பிட்டுவிட்டுப் போகலாம்.

அருவியில் எச்சரிக்கை

மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் தண்ணீர் சட்டென்று கூடும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் பலியானான். போலீசார் விசில் அடித்தால் அந்த நிமிடமே வெளியே வந்துவிட வேண்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கொண்டு போகாதீர்கள், அருவியில் தடை உள்ளது.

புழங்கினால்தான் நிற்கும்

பழைய கட்டிடத்துக்கு பெரிய எதிரி பூட்டுதான். குற்றாலம் மாதிரி மாதக்கணக்கில் ஈரம் நிற்கும் ஊரில் ஒரு ஓடு உடைந்தால் தண்ணீர் உத்தரத்தில் இறங்கும். ஆள் இருந்தால் அன்றைக்கே தெரியும். பூட்டிக் கிடந்தால் மரம் மக்கி கூரை உட்காரும்போதுதான் தெரியும். பூட்டிய அறையில் பூஞ்சை பிடிக்கும், கரையான் ஏறும். ஜனங்கள் வந்து தங்கி, ஜன்னலை திறந்து, "ஒழுகுதுங்க" என்று சத்தம் போட்டால்தான் கட்டிடம் நிற்கும்.

இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்ட சொத்து என்பதால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சொந்தக்காரர் மலைக்கு அந்தப்பக்கம். ஓட்டு போடுகிற ஜனம் இந்தப்பக்கம். கூரை ஒழுகினால் இங்கே உள்ள எம்.எல்.ஏ.விடம் கேட்க முடியாது, அங்கே உள்ளவருக்கு அது தன் தொகுதியும் இல்லை. அப்படியே விட்டால் பாழாகும். தனியாரிடம் கொடுத்து நட்சத்திர ஓட்டலாக்கினால் கட்டிடம் பிழைக்கும், ஆனால் நம்ம ஆட்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

கூரையை ஒழுங்காக வைத்து, குளியலறையை சுத்தமாக வைத்து, வாடகைப் பட்டியலை வாசலில் எழுதிப்போட்டு, முதலில் கேட்டவருக்கு முதலில் அறை என்று நடத்தினாலே போதும். ராஜா குளிக்க வந்து தங்கிய தோட்டத்தில், பீடி சுற்றும் அம்மாவும் லோடு ஏற்றும் அண்ணனும் பிள்ளைகளோடு ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம்.