சுவரேறிய கல்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அஸ்திவாரம் எத்தனை அடி தோண்டினார்கள் என்பது அவருக்கு நினைவிராது. கம்பி எத்தனை டன் போயிற்று என்பதைக் கூட யோசித்துத்தான் சொல்வார். ஆனால் சமையலறை மேடைக்கும் அதன் பின்சுவருக்கும் என்ன கல் பதித்தார்கள், சதுர அடி என்ன விலை, அதைத் தேடி எத்தனை கடை ஏறி இறங்கினார்கள் என்பதை அவர் மனைவி ஒரு தொடர்கதையாகவே சொல்லிவிடுவார். அடுப்புக்குப் பின்னால் இரண்டடிச் சுவர். குளியலறையில் ஆள் உயரச் சுவர். கொத்தனார்கள் இதற்கு 'டேடோ' என்கிறார்கள். எந்தச் சீமையிலிருந்தோ வந்த சொல், சித்தாள் பெண்கள் வாயில் புகுந்து சுத்தத் தமிழாகிவிட்டது. வீட்டில் வேறு எந்தச் சுவருக்கும் இல்லாத மரியாதை இந்த டேடோவுக்கு எப்படி வந்தது என்பது கொஞ்ச நாளாக என்னைப் பிடித்து ஆட்டும் கேள்வி.

சேலம் சாலையில் ஒரு கல் கடைக்கு உறவினர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டியம்மாள், மகனும் மருமகளும் புடைசூழ, பலகைக் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளுக்குப் பளபளப்பு பிடித்திருந்தது. மகனுக்கு விலை பிடிக்கவில்லை. பாட்டி ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்து ஒரு சின்ன சம்புடத்தை எடுத்துத் திறந்தார். உள்ளே கெட்டியாகக் கரைத்த புளி!

"இதிலே கொஞ்சம் தேய்ச்சுப் பாக்கலாமா தம்பி?"

"தாராளமா தேய்ங்கம்மா. கிரானைட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பக்கம் கடப்பாக்கல்லு இருக்குது, அதுல மட்டும் தேய்ச்சுடாதீங்க."

அந்த அம்மாள் ரசாயனம் படித்தவரல்ல. ஆனால் எந்தக் கல்லூரி ஆசிரியரும் இதைவிடச் சரியான சோதனை செய்திருக்க முடியாது. கடப்பாக்கல் என்பது சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் சுண்ணாம்பு அரிபடும்; மினுக்கம் போய் அந்த இடம் வெளிறிவிடும். நம் சமையலோ புளி, எலுமிச்சை, தக்காளி, மோர் என்று புளிப்பைச் சுற்றியே நடப்பது. கருங்கல்லைப் புளிப்பு தொடாது. மேலைநாட்டுப் பத்திரிகைகளில் வெள்ளைப் பளிங்குச் சமையலறைப் படங்களைப் பார்த்து ஏங்கும் இளம் தம்பதிகள் ஒரு கிண்ணம் வற்றல் குழம்பை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

இனி, பழைய கதைக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூர் வட்டாரத்தில், ஜம்பை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே குன்றில் இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளம். 1981-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அதில் ஒரு தமிழிக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி அது என்று கல்வெட்டு சொல்கிறது. பாளி என்றால் துறவிகள் தங்கும் உறைவிடம். அதியமானைச் 'சதியபுதோ' என்றும் அது குறிப்பதால், அசோகனின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் சர்ச்சைக்கும் அங்கே விடை கிடைத்தது. அறிஞர்களுக்கு அதுதான் பெரிய விஷயம். எனக்குப் பட்டது வேறு. சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் நான்கு பக்கமும் கல்லாக ஒரு வாசஸ்தலம் இருந்தது. அது இல்லறத்தைத் துறந்தவனுக்குக் கிடைத்தது! இல்லறத்தான் மண்சுவரும் கூரையுமாக வாழ்ந்தான்.

இது தற்செயலல்ல. வடக்கே செங்கம் வட்டாரத்துக்குப் போனால் நடுகற்கள்; போரில் மாண்டவனுக்கும், ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் கல். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மும்மூர்த்திகளுக்குப் பாறையைக் குடைந்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கட்டியதாக அங்கே பெருமையோடு எழுதியும் வைத்தான். தெய்வத்துக்கு, துறவிக்கு, செத்தவனுக்கு என்று கல் போயிற்று. உயிரோடு இருந்து, குடும்பம் நடத்தி, மூன்று வேளை சமைத்தவளுக்குக் கல் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். கிடைத்தது: அம்மி, குழவி, ஆட்டுக்கல், உரல், திரிகை, கொல்லையில் துவைகல். எல்லாம் தரையோடு கிடந்த கல். எல்லாம் வேலை வாங்கிய கல். குந்தி உட்கார்ந்து அரைக்க வேண்டும்; இடுப்பை வளைத்து ஆட்ட வேண்டும். "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று வீதியில் கூவி வந்தவர் வருஷத்துக்கு இரண்டு தடவை அதற்குப் பொளி போட்டுவிட்டுப் போவார். அடுப்புச் சுவருக்கு என்ன அலங்காரம்? கரிதான். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கை சுண்ணாம்பு. மாசி பிறப்பதற்குள் மறுபடி கரி.

சுவர் மின்ன வேண்டும் என்ற ஆசை மட்டும் நம்மவர்களுக்குப் பழையது. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்பை நைய அரைத்து, முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கைப் போல ஆக்கியிருக்கிறார்கள். இன்றும் கை வைத்தால் வழுக்கும். ஜப்பானிலிருந்து பூப்போட்ட ஓடுகளைக் கப்பலில் வரவழைத்து இடுப்பளவுக்குப் பதித்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அழகெல்லாம் வாசற்பக்கத்து முகப்பிலும் கூடத்திலும். விருந்தாளி பார்க்கிற இடம் அது. அடுக்களை பின்கட்டில் புகைந்துகொண்டிருந்தது. சுவரில் காசு போடுவது என்றால் பிறர் கண்ணில் படும் சுவரில்தானே போடுவார்கள்?

ஆக, கல் சமையலறைச் சுவருக்கு வர வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டியிருந்தது. கல்லைப் பலகையாக அறுக்கத் தெரிய வேண்டும். அடுக்களையிலிருந்து புகை போக வேண்டும்.

முதலில் அறுப்பது. ஆந்திரத்துக் கடப்பாக்கல் படிவம் படிவமாக அமைந்தது. இடம் பார்த்து உளி வைத்துத் தட்டினால் அப்பளம் போல உரிந்து வரும். ஆகவே மேடை என்று ஒன்று வந்த காலத்தில் முதலில் அதுவே வந்தது. ஏழை எளியவர் வீட்டு அலமாரித் தட்டுக்கு இன்றும் அதுதான். நம் மலைக் கல் அப்படிப்பட்டதல்ல. கல்வராயன் மலையில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற பாறை. பெயர் என்னவோ வங்காளத்துப் பெயர். கல்கத்தாவை ஸ்தாபித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். அவர் சமாதிக் கல் சென்னையை அடுத்த பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. இருநூறு வருஷம் கழித்து, 1893-இல், தாமஸ் ஹாலந்து என்ற புவியியலார் அந்தக் கல்லறையை நினைத்து இந்தப் பாறை வகைக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டார். நம் மலைகளைக் கோடிக்கணக்கான வருஷமாகத் தாங்கி நிற்கும் கல்லுக்கு ஒரு கும்பினி வியாபாரியின் பெயர்! அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

இந்த வகைக் கற்களில் படிவம் கிடையாது. துளையிட்டு மர ஆப்பு அடித்து, நீர் ஊற்றி ஊறவைத்துப் பிளக்கலாம். தூண் செய்யலாம், படி செய்யலாம். முக்கால் அங்குலப் பலகையாக ஆயிரக்கணக்கில் அறுக்க வைரப் பல் வைத்த வாள் வேண்டும். 1954-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிசாலையில் செயற்கை வைரம் செய்தார்கள். அது பெருகி, மலிந்து, அந்த வாள்கள் நம் பக்கம் பரவுவதற்கு ஒரு தலைமுறை பிடித்தது. அதுவரை நம் கறுப்புக் கல் பாளம் பாளமாகக் கப்பலேறியது. திண்டிவனத்தை அடுத்த குன்னம் என்ற ஊரின் கறுப்புக் கல்லை ஜப்பானியர்கள் கல்லறைகளுக்கு விரும்பி வாங்கினார்கள். 1982-இல் வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்தவர்களின் பெயரைப் பொறித்து எழுப்பிய நெடிய கறுப்புச் சுவரும் கர்நாடகத்திலிருந்து போன கல்தான். நடுகல் மரபு கடல் கடந்தும் நம்மை விடவில்லை பாருங்கள்! நம் ஊர்க் கல், நம் ஊர்ப் பெண்பிள்ளையின் அடுப்படிக்கு வருவதற்கு முன்னால் அயலானின் கல்லறைக்குப் போய்விட்டுத்தான் வந்தது.

அந்த ஏற்றுமதியில் பணம் புரளவே, கல் யாருடையது என்ற வழக்கும் எழுந்தது. 1977 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, கறுப்புக் கல் வெட்டத் தனியாருக்குக் குத்தகை இல்லை என்று விதி செய்தது. குவாரிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 1981-இல் உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆறும் காடும் கனியும் ஒரு தலைமுறை தின்று தீர்க்கும் சொத்தல்ல என்பது நீதிபதி சின்னப்ப ரெட்டியின் வாதத்தின் சாரம். பிறகு விதிகள் பலமுறை மாறின. அந்தச் சிக்கலுக்குள் நான் போகவில்லை.

இனிப் புகை. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். மிக்ஸி பின்னோடு வந்தது. சமையல் எரிவாயு பெரிய ஊர்களில் பணக்காரர் வீட்டில் புகுந்து மெல்ல நடுத்தர வீட்டுக்கு இறங்கியது. எரிவாயு அடுப்பைத் தரையில் வைத்து ஊத முடியாது. ஊத வேண்டியதும் இல்லை. ஆகவே அடுப்பு மேடையேறியது. அதோடு பெண்ணும் எழுந்து நின்றாள். எழுந்து நின்றவள் கண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது? சுவர்! குந்தி உட்கார்ந்த பாட்டிக்கு அடுப்பு வாய்தான் தெரிந்தது; நிற்கும் பேத்திக்குச் சுவர் தெரிகிறது. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயும் மஞ்சளும் தெரிகிறது. டேடோ பிறந்த கதை இவ்வளவுதான் என்பது என் அபிப்பிராயம். 2006-இல் வந்த ஆட்சி ஏழைகளுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011-இல் வந்த ஆட்சி மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்தது. அரசியல்வாதிகள் ஓட்டைக் கணக்குப் போட்டிருக்கலாம். அம்மி கொல்லைப்புறம் போனதும், சின்ன வீடுகளிலும் ஒரு முழம் மேடை எழுந்ததும் அந்தக் கணக்கில் சேராத பலன்கள்.

மலைமேல் கதை வேறு. கல்வராயனில் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களுக்குக் கட்டுப்பட்டு, வரி கொடுத்து, கூலியில்லாத வேலையும் செய்து வாழ்ந்தார்கள். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976 ஜூனில்தான் அந்த ஜாகீர்கள் அரசின் கைக்கு வந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் தேசத்தில் வந்ததும் அதே 1976-இல். கல்லால் ஆன மலையில், மூங்கில் தட்டியில் மண் பூசிச் சாணம் மெழுகிய வீடுகளில் வாழ்ந்த மக்கள் அவர்கள். கல்லில் வீடு கட்ட வேண்டும் என்றால் கல்லின் கீழ் உள்ள நிலமாவது தன்னுடையதாக இருக்க வேண்டாமா?

கல்லை விரும்புகிறவர்களைப் பற்றிச் சொன்னேன். அறுக்கிறவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டில் மேடைக் கல் போட்ட அன்று நான் இருந்தேன். தொட்டி வைக்க ஓட்டை போட வேண்டும். இருபது வயதுப் பையன் ஒருவன், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, மூடிய அறைக்குள் கட்டரை ஓட்டினான். ஐந்து நிமிஷத்தில் அறை முழுவதும் வெண்புகை. அவன் புருவமும் இமையும் கிழவனுக்கு நரைத்தது போல் வெளுத்துவிட்டன.

"தண்ணி ஊத்தி அறுப்பா தம்பி, நெஞ்சுக்கு ஆகாதே" என்றார் வீட்டு அம்மாள்.

"தண்ணி ஊத்துனா போட்ட கோடு அழிஞ்சிடுதுங்கம்மா" என்றான் பையன், சிரித்துக்கொண்டே.

அந்தத் தூளில் உள்ள சிலிகா நுரையீரலில் புகுந்தால் வெளியே வராது. அதைச் சுற்றித் தழும்பு கட்டி, மூச்சுப்பை இறுகிக்கொண்டே போகும். குணப்படுத்தும் மருந்து கிடையாது. குவாரித் தொழிலாளிகளின் பழைய வியாதி இது. சமையலறை மோகம் அதற்குப் புது வேகம் கொடுத்தது. குவார்ட்ஸ் தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்த செயற்கைக் கல் உலகெங்கும் நாகரிகமாயிற்று. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சிலிகா இருப்பதுண்டு. அதை அறுத்து நோயுற்று, நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட 25 பேரைப் பற்றி இஸ்ரேலிய மருத்துவர்கள் 2012-இல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவில் இளைஞர்கள் வரிசையாகப் படுக்கையில் விழவே, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தக் கல்லையே அந்த நாடு தடை செய்துவிட்டது. நம் கடைகளில் அது 'குவார்ட்ஸ்' என்ற பெயரில், கறை படியாத கல் என்ற பெருமையோடு விற்கிறது. அந்தப் பாட்டியின் புளிச் சோதனையில் அது நிச்சயம் தேறும். மற்ற சோதனைக்குச் சம்புடம் இல்லை.

கடையில் இன்னொரு வேடிக்கையும் கண்டேன். வருகிறவர்களில் பலர் கடைசியில் கல்லே வாங்குவதில்லை. குஜராத் மோர்பியில் சுட்ட களிமண் ஓட்டின் மேல் இத்தாலியப் பளிங்கின் நரம்புகளை அச்சடித்து வருகிறது. அதை வாங்கிப் போகிறார்கள். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை மலையாகக் கல். அதை நம் வட்டாரத்தில் உடைப்பதோ பெரும்பாலும் ஜல்லிக்குத்தான்.

அம்மி ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. கல்யாணத்தில் மணமகள் அம்மி மிதிக்க வேண்டுமே! வீட்டில் இல்லாததால், கல்யாண மண்டபத்துக்காரர்களே ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். முகூர்த்தம் முடிந்ததும் மஞ்சள் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த ஜோடிக்காகப் பாத்திர அறையில் சாத்தி வைக்கிறார்கள். அதன் முதுகில் பொளி போட்ட தடமே இல்லை; அதில் யாரும் எதையும் அரைத்ததில்லை.